வரைபும் தேசப்படமும்: ஆங்கிலப் பரீட்சை விடைகள் பற்றிய ஒரு திறனாய்வு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு தமிழர்க்கு உண்டு. ஆயினும் பள்ளிக்கூடத்தில் அவ்விரு கண்களும் தனித்தனியே பார்க்கவே பழக்கப்படுகின்றன. கணித பாடத்திற் சலாகை வரைபு கீறப்படுகின்றது. புவியியற் பாடத்திற் தேசப்படம் வாசிக்கப்படுகின்றது. மொழிப் பாடத்திற் கட்டுரை வரையப்படுகின்றது. ஒன்றன் செய்தி மற்றொன்றிற்கு எட்டுவதில்லை. இம்மூன்றும் ஒரே தாளில் வந்து கூடும் இடம் ஒன்று உளது. ஆங்கிலப் பரீட்சையில் வரைபையோ தேசப்படத்தையோ தந்து, அதனை வசனங்களால் விளக்குமாறு கேட்கும் வினாவே அது. மாணவர் பலர் அவ்வினாவிற் தடுமாறுவதற்குக் காரணம் ஆங்கிலக் குறைபாடு மாத்திரம் அன்று. பார்த்ததை ஒழுங்குபடுத்தி எழுதுதற்கு வேண்டிய திட்டம் இன்மையே தலையாய காரணம் என்பது விடைகளைக் கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில், ஏறத்தாழ நூறு சொற்களிற் படத்தை விளக்குமாறு பணிக்கும் வினா இடம்பெற்று வந்துள்ளது. பள்ளியை விட்டபின் அதே வினா பெரிய உருவில் எதிர்ப்படுகின்றது. 1980ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பரீட்சையின் வழியாக 1989இல் உருவான ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலத் தகைமைப் பரீட்சையில், உயர்கல்விப் பிரிவினர்க்குரிய எழுத்துத் தாளின் முதல் வினா இவ்வகையினது. கோட்டு வரைபு, சலாகை வரைபு, வட்ட வரைபு, அட்டவணை, தேசப்படம், செய்முறைப் படம் என்பவற்றுள் ஒன்றோ இரண்டோ தரப்படும். குறைந்தது 150 சொற்களில் விடை எழுதுதல் வேண்டும். அறுபது நிமிடத் தாளில் இதற்கு இருபது நிமிடங்கள் ஒதுக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. இரண்டாம் வினாவாகிய கட்டுரைக்கு இதனினும் இருமடங்கு நிறை உண்டு.

காலி வீதியில் வெள்ளவத்தைப் பகுதியினூடே நடப்பார் இப்பரீட்சைக்குரிய விளம்பரப் பலகைகளைக் காணாமற் செல்லுதல் அரிது. கொட்டாஞ்சேனையிலும் இதே நிலைதான். பல்கலைக்கழக அனுமதி, தாதியர் தொழில், குடிபெயர்வு என்னும் வாயில்கள் பலவற்றுக்கு இப்பரீட்சைப் பெறுபேறு திறவுகோலாகி விட்டது. அரைப் புள்ளி குறைந்தமையால் ஓராண்டு காத்திருக்கும் இளைஞரும், மறுமுறை தோற்றுதற்குக் கடன்படும் பெற்றாரும் உளர். ஆதலின் இவ்விடை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்னும் ஆராய்ச்சி வெறும் இலக்கண விசாரணை அன்று. பல குடும்பங்களின் வாழ்வோடு இணைந்தது.

ரியூட்டரிகள் பலவற்றில் இதற்கு வழங்கப்படும் மருந்து ஒன்றே. அஃது ஆயத்த வசனக்கோவை. தொடக்க வசனம் ஒன்று, நடுவே செருகுதற்குச் சொற்றொடர்கள் பத்து, முடிவு வசனம் ஒன்று என அச்சிட்ட தாள் கையளிக்கப்படும். மாணவர் அதனை மனனஞ் செய்வர். பரீட்சை மண்டபத்தில் வெற்றிடங்களில் எண்களை நிரப்புவர். எந்த வரைபு வரினும் விடை ஒன்றுபோலவே அமையும். பார்த்தலென்னும் தொழில் இதனால் முற்றாகத் தவிர்க்கப்படுகின்றது. நோயைப் பாராது கொடுத்த மருந்துபோல, படத்தைப் பாராது எழுதிய விடையும் ஒருகால் பலிக்கலாம். பலிக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. அப்பரீட்சை நடத்துவோர் வெளியிட்டுள்ள தரவரையறைகளை நோக்கின், முதன்மையான போக்குகளைத் தொகுத்துக் காட்டும் பொதுநோக்கு இல்லாது விவரங்களை இயந்திரம்போல் அடுக்கிச் செல்லும் விடை நடுத்தரத்தைத் தாண்டுதல் அரிதென்பது தெளிவாகும்.

வரைபு என்னும் சாதனம் தோன்றிய வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. ஸ்கொத்லாந்தினரான வில்லியம் பிளேபெயர் 1786இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோட்டு வரைபுகளாக வரைந்து காட்டினார். வட்ட வரைபை 1801இல் அறிமுகஞ் செய்தவரும் அவரே. எண்கள் நிறைந்த நீண்ட அட்டவணையை வாசித்து உணர முடியாத வடிவத்தை ஒரே நோக்கில் உணர்த்துதலே அவர் கருத்து. அங்ஙனமாயின், வரைபிலுள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதும் மாணவர் செய்வது யாது? பிளேபெயர் கட்டிய வீட்டைப் பிரித்து, கற்களை மீண்டும் குவியலாக்குகின்றனர். வரைபு எதற்காகப் பிறந்ததோ அப்பயனையே விடை அழித்து விடுகின்றது.

இக்குறைகளைப் பகுத்தறிதற்கு வேற்று நாட்டு நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்துரைத்தார். இலக்கண நூலுக்கு அவர் கூறிய குற்றங்கள் நூற்றைம்பது சொல் விடைக்கும் வியக்கத்தக்க முறையிற் பொருந்துகின்றன.

மனனஞ் செய்த தொடக்க வசனம் வெற்றெனத் தொடுத்தலாகும். தரப்பட்ட வரைபு தகவல்களைத் தருகின்றது என்று எழுதுவதில் என்ன பொருள் உளது? தகவல் தராத வரைபு யாண்டும் இல்லை. பன்னிரு திங்களுக்கும் பன்னிரு எண்களை எழுதுதல் மிகைபடக் கூறல். உச்சமும் தாழ்வும் எவை என்று சொல்லாது விடுதல் குன்றக் கூறல். தொடக்கத்திற் கூறியதனையே முடிவில் வேறு சொற்களாற் சொல்லுதல் கூறியது கூறல். பொதுநோக்கில் யாவும் உயர்ந்தன என்று எழுதி, பின்னர் ஒன்று வீழ்ந்ததைக் காட்டுதல் மாறுகொளக் கூறல். முதற் கோட்டிற்கு எண்பது சொற்களைச் செலவிட்டு, இறுதிக் கோட்டிற்கு நேரமின்றி ஒரு வசனத்தோடு நிறுத்துதல் சென்று தேய்ந்து இறுதல். இக்குற்றங்களுட் பெரும்பாலன எழுதும்போது நேர்வன அல்ல. எழுதத் தொடங்குமுன் திட்டமிடாமையால் நேர்வன.

மயங்க வைத்தல் என்னும் குற்றம் தனியே நோக்கத்தக்கது. நூற்றுக்கு 20 ஆக இருந்த ஒரு பங்கு நூற்றுக்கு 30 ஆயிற்று எனின், அஃது உயர்ந்த அளவு பத்துச் சதவீதப் புள்ளிகள். முன்னிருந்த நிலையோடு ஒப்பிடின் உயர்வு ஐம்பது சதவீதம். இவ்விரண்டினையும் வேறுபடுத்தாத விடை பொய் கூறியதாக முடியும். உயர்ந்த அளவையும் உயர்ந்து சேர்ந்த அளவையும் ஆங்கிலம் முன்னிடைச் சொற்களால் வேறுபடுத்தும். அவற்றை மாறி எழுதுதல் நம் மாணவரிடையே மிகுதி. ஆனால் தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘பத்தால் உயர்ந்தது’ என்பதும் ‘பத்தாக உயர்ந்தது’ என்பதும் வெவ்வேறு பொருளன என்பதை எந்தத் தமிழ் மாணவனும் அறிவான். தெரிந்த தமிழிலிருந்து தெரியாத ஆங்கிலத்திற்குப் பாலம் அமைத்தால் வேண்டாத மனப்பாடம் ஒன்று குறையும்.

இனித் திட்டமிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொழும்பின் மாதாந்தச் சராசரி மழைவீழ்ச்சியைக் காட்டும் வரைபு ஒன்று தரப்பட்டது என்று கொள்க. 1961 முதல் 1990 வரையான காலப்பகுதிக்குரிய சராசரியின்படி ஜனவரியில் ஏறத்தாழ 58 மி.மீ. மழை பெய்கின்றது. மே மாதத்தில் அது 392 மி.மீ. ஆக உயர்கின்றது. ஆகஸ்டில் 120 மி.மீ. அளவிற்குத் தாழ்கின்றது. நவம்பரில் 414 மி.மீ. என்னும் உச்சத்தை அடைகின்றது. ஆயத்த வசனங்களை நம்பும் மாணவன் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிப்பான். வழியில் பன்னிரு எண்களையும் பொறுக்குவான். திட்டமிடும் மாணவன் எழுதுகோலை வைத்துவிட்டு, இவ்வரைபு எவ்வடிவினது என்று முதலில் வினவுவான். இரு முகடுகளும் இரு பள்ளங்களும் உடைய வடிவினது என்பதே விடை. அதுவே பொதுநோக்கு. முதற் பந்தியில் மே மாத முகடு வரையான ஏற்றமும் அதன்பின் வந்த இறக்கமும். இரண்டாம் பந்தியில் செப்டெம்பரிலிருந்து எழும் இரண்டாம் ஏற்றமும் ஆண்டிறுதி இறக்கமும். நான்கைந்து எண்கள் போதும். மே மாத மழை ஜனவரி மழையினும் ஆறு மடங்கிற்கு மேற்பட்டது என்னும் ஒப்பீடு ஒன்று, தனித்தனி எண்கள் பலவற்றினும் மிக்க பயன் தரும்.

இவ்விடத்திற் கற்றறிந்த மாணவனுக்கு ஒரு சோதனை எழும். இம்முகடுகளுக்குக் காரணமான பருவக்காற்றுக்களை அவன் அறிவான். அறிந்ததை எழுதாமல் விடுதல் அவனுக்குக் கடினம். ஆயினும் வரைபிலே காற்று இல்லை. மழை மாத்திரமே உண்டு. காட்டப்படாத காரணத்தை விரித்தல் மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தின்பாற் படும். அறிவை அடக்கி வைத்தலும் அறிவின் ஒரு பகுதியே என்பதை இவ்வினா கற்பிக்கின்றது.

காலத்தைக் காட்டும் வரைபுகளில் வேறொரு கண்ணி உளது. இலங்கையின் குடிசன மதிப்பீட்டு எண்களை நோக்குக. 1946இல் ஏறத்தாழ 66.6 இலட்சம், 1953இல் 81 இலட்சம், 1963இல் 105.8 இலட்சம், 1971இல் 126.9 இலட்சம், 1981இல் 148.5 இலட்சம், 2012இல் 203.6 இலட்சம். 1991இல் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடைபெற்றது. மேற்கூறிய ஆறு ஆண்டுகளையும் சம இடைவெளியிற் சலாகைகளாக நிறுத்தினால், இறுதி இரண்டு சலாகைகளுக்கிடையேதான் மிகப் பெரிய பாய்ச்சல் தோன்றும். சனத்தொகை அப்போதுதான் மிக விரைவாகப் பெருகிற்று என்று மாணவன் எழுதி விடுவான். உண்மை அதற்கு மாறானது. 1971க்கும் 1981க்கும் இடையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் கூடினர். 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட 31 ஆண்டுகளிற் கூடியோர் ஆண்டொன்றுக்கு ஒன்றேமுக்கால் இலட்சம் அளவினரே. சலாகையின் உயரத்தைக் கண்டவன் கிடையச்சிலுள்ள ஆண்டுகளைக் காணவில்லை. ஆதலின் அச்சுக்களையும் அலகையும் காலத்தையும் வாசித்தல் திட்டத்தின் முதல் வரியாக அமைதல் வேண்டும்.

இதே மதிப்பீடுகளிலிருந்து மற்றோர் எண்ணையும் எடுத்து நோக்கலாம். கிளிநொச்சி நீங்கிய எல்லைப்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். நாடு முழுவதும் உயர்ந்த காலத்தில் ஒரு மாவட்டம் தன் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினை இழந்தது. இவ்வரைபு வெள்ளவத்தை மாணவி ஒருத்தியின் முன் வைக்கப்பட்டால், அவள் காண்பது சலாகை மாத்திரமா? பெற்றாரின் ஊரும், பூட்டிய வீடும், கடல்கடந்து வாழும் சுற்றமும் அச்சலாகையின் குறைவிலே அடங்கியிருக்கும். எனினும் விடையில் அவள் எழுதத்தக்கது, நாட்டின் தொகை உயர இம்மாவட்டத்தின் தொகை வீழ்ந்தது என்னும் ஒரு வசனமே. இது மனிதத்தன்மையற்ற கட்டுப்பாடு என்று சிலர் குறை கூறலாம். அக்குறையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவ்வொரு வசனத்தின் வலிமையை எண்ணிப் பார்த்தல் தகும். காரணமும் கண்ணீரும் கலவாது உண்மையை அளவோடு நிறுத்திய வசனத்தை எதிர்வாதம் செய்வார் இலர். சான்று கூறுவோனுக்கு வேண்டிய பண்பும் இதுவே. இதற்கு மாறாக, ஆயத்த வசனத்தில் எண்ணை நிரப்புபவன் அவ்வீழ்ச்சியைக் காணாமலே கடந்து செல்வான். அவனுக்கு உயர்வும் வீழ்வும் ஒன்றே. மனப்பாட முறையின் மிகப் பெரிய தீங்கு புள்ளி இழப்பு அன்று, இக்குருட்டுத்தன்மையே.

தேசப்பட வினாவிற் பிழைகள் வேறு வகையின. வரைபிற்கு வடிவம் தலைமையானது. தேசப்படத்திற்கு ஒழுங்குதான் தலைமையானது. எங்கே தொடங்குவது, எவ்வழி செல்வது என்று தீர்மானியாத மாணவன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாவுவான். வாசிப்பவன் வழி தவறுவான். இதற்குக் கொழும்பின் இரு பகுதிகளே தக்க பாடநூல்களாகும். வெள்ளவத்தை, மேற்கே கடலும் அதன் ஓரமாகப் புகையிரதப் பாதையும், கிழக்கே காலி வீதியும் வடக்குத் தெற்காக நீள, குறுக்குத் தெருக்கள் கடலை நோக்கி இறங்கும் அமைப்புடையது. இத்தகைய இடத்தை விளக்குதற்கு நெடுங்கோடுகளை முதலிற் கூறி, குறுக்குத் தெருக்களை அவற்றின்மேற் பொருத்துதல் முறையாகும். கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தை அடுத்து மேடும் வளைவுமாகப் பழைமையிற் படர்ந்த பகுதி. அங்கே நேர்கோடுகளை நம்பினால் வழி கிடையாது. சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம் போன்ற ஓர் அடையாளத்தை நடுவே நிறுத்தி, அதற்கு வடக்கே யாது, மேற்கே யாது என்று விரித்துச் செல்லுதலே முறை. கோட்டுமுறை, மையமுறை என்னும் இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்று முடிவு செய்தலே தேசப்பட விடையின் திட்டம் எனலாம்.

ஓரிடத்தின் முன்னைய நிலையையும் பின்னைய நிலையையும் இரு படங்களாகத் தரும் வினாக்களும் உண்டு. 2014க்கும் 2019க்கும் இடையிற் காலிமுகத்திடலை அடுத்த கடலில் மண்ணிட்டு 269 ஹெக்டெயர் நிலம் துறைமுக நகருக்கென உருவாக்கப்பட்டது. வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலை நின்ற நிலத்தில் அடுக்குமாடி மனைகள் எழுந்தன. இத்தகைய மாற்றங்களைக் காட்டும் படங்களில் மாணவர் மாறியவற்றை எல்லாம் பட்டியலிடுவர். மாறாது நின்றவற்றை மறப்பர். மாறாதது எது என்று கூறினாலன்றி மாறியதன் அளவு விளங்காது. மேலும், கட்டியவர் யார் என்று படம் கூறாமையால் ஆங்கிலத்திற் செயப்பாட்டு வினையே இவ்விடைகளுக்கு உரியது. தமிழிற் பேசும்போது ‘கட்டினார்கள்’ என்று எழுவாயை மறைத்துக் கூறும் பழக்கத்தையே மாணவர் ஆங்கிலத்திலும் கொண்டு செல்வர். ‘அமைக்கப்பட்டது’ என்னும் எழுத்துத் தமிழ் வழக்கை நினைவூட்டினால் இவ்விடர் நீங்கும்.

இவை யாவும் இருபது நிமிடங்களிற் கைகூடுமா என்னும் ஐயம் இயல்பே. நான்கு நிமிடங்களைத் திட்டத்திற்கும் இரண்டு நிமிடங்களைத் திருத்தத்திற்கும் ஒதுக்கினும் எழுதுதற்குப் பதினான்கு நிமிடங்கள் எஞ்சும். நூற்றைம்பது சொற்களுக்கு அது போதிய காலம். திட்டம் நான்கு வரிகளுள் அடங்கும். படம் எதனை, எவ்விடத்தில், எக்காலத்தில், எவ்வலகிற் காட்டுகின்றது என்பது முதல் வரி. தலைமையான உண்மைகள் இரண்டு என்பது இரண்டாம் வரி. விவரங்களை இரு பந்திகளாக எவ்வாறு பிரிப்பது என்பது மூன்றாம் வரி. எழுதத் தெரிந்தெடுத்த எண்கள் நான்காம் வரி. பொதுநோக்கினைத் தொடக்கத்தை அடுத்தும் வைக்கலாம், இறுதியிலும் வைக்கலாம். எனினும் தொடக்கத்தை அடுத்து வைப்பதே பாதுகாப்பானது. நேரம் போதாதபோது இறுதியில் உள்ளதே முதலிற் பலியாகும்.

ஆயத்த வசனங்களின் சார்பாகக் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. ஆங்கிலம் கேளாத வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு வெற்றுத்தாள் அச்சந் தருவது. மனனஞ் செய்த நாலு வசனங்கள் அவனுக்கு ஊன்றுகோலாகும். அவற்றைத் தரும் ஆசிரியரைக் கொள்ளைக்காரர் என்று ஏசுதல் முறையன்று. ஊன்றுகோலைக் கால் என்று நம்பவைத்தலே பிழை. ஒழுங்கினைக் கற்பிக்க, வசனத்தை மாணவனே ஆக்கட்டும். ஒப்பிடுதற்கும் ஏற்ற இறக்கங்களுக்கும் உரிய சொற்களைத் தருக; எவ்விடத்தில் எச்சொல் என்பதைப் படமே தீர்மானிக்கட்டும்.

வினா அமைப்போரும் குற்றம் நீங்கியவரல்லர். மாணவனோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத கற்பனை நகரங்களும், யாரோ சிலர் விரும்பும் விளையாட்டுக்களும் படங்களாக வரும்போது, அவற்றைக் கூர்ந்து நோக்க மனம் எழுவதில்லை. பரீட்சைத்தாளை மாற்றுதல் பள்ளிகளின் கையில் இல்லை. வகுப்பறைப் பயிற்சியை மாற்றுதலோ அவற்றின் கையிலேயே உள்ளது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகளும், 1800இல் தோற்றுவிக்கப்பெற்ற நிலஅளவைத் திணைக்களத்தின் தேசப்படங்களும் இதற்கு வற்றாத ஊற்றுக்கள். கணித ஆசிரியர் அட்டவணையை வரைபாக்குவிக்க, புவியியல் ஆசிரியர் அதனை வாசிப்பிக்க, தமிழாசிரியர் அதன் சாரத்தை ஐந்து வசனங்களில் எழுதுவிக்க, ஆங்கில ஆசிரியர் அவ்வைந்தையும் ஆங்கிலத்தில் அமைப்பித்தல் அரிய காரியம் அன்று. ஒரு வாரத்தில் ஒரு படம் போதும்.

பழைய பரீட்சைகளிற் சுருக்கி எழுதுதல் பெற்றிருந்த இடத்தை இன்று படம் விளக்கல் பெற்றுள்ளது. இரண்டும் கேட்பது ஒன்றே: பலவற்றுட் சிலவற்றைத் தெரிந்து, தெரிந்தவற்றை முறைப்பட நிறுத்தும் ஆற்றல். அவ்வாற்றல் வாய்க்கப்பெற்ற மாணவன் பரீட்சையிற் பெறும் புள்ளி சிறிது ஏறலாம், இறங்கவும் கூடும். ஆனால் நாளேட்டில் வரும் வரைபும், அரசு வெளியிடும் அட்டவணையும், வணிக விளம்பரத்திற் காட்டப்படும் சலாகையும் அவனை ஏமாற்ற மாட்டா. அத்தகைய கண்ணை ஒரு தலைமுறைக்குத் திறந்துவிடும் வாய்ப்பினை, ஆயத்த வசனத் தாளொன்றிற்கு விற்றுவிடுதல் கல்வி ஆகாது.